அச்சில் பிறந்த படகுகள்

மருதமுனையிலிருந்து கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் எனத் தெற்கு நோக்கிச் செல்லும் கடற்கரையில் அதிகாலையில் நடப்பவர், மணல்மேட்டில் ஏற்றி வைக்கப்பட்ட படகுகளைக் காணாதிரார். அவற்றின் நிறம் வேறு, பெயர் வேறு, பதிவிலக்கம் வேறு. வடிவம் மட்டும் ஒன்றே. அச்சில் வார்த்தாற்போல என்பது தமிழில் ஒரு வழக்கு. இப்படகுகளைப் பொறுத்தவரை அஃது உவமையன்று, உண்மையே. மக்கள் ‘பைபர் படகு’ என வழங்கும் இக்கலங்கள் யாவும் அச்சிலே பிறந்தவை. அவ்வச்சு எங்கிருந்து வந்தது, என்ன கொண்டுவந்தது, எதைக் கொண்டுவரவில்லை என்பதே இவ்வரலாற்றின் சாரம்.

பண்டு கலம் என்றால் மரம். பலகையை வளைத்து, இணைத்து, இடுக்குகளை அடைத்துக் கலப்பற்றுச் செய்வது தச்சனின் கைவேலை. ஒரே தச்சன் செய்த இரண்டு தோணிகள்கூட முற்றிலும் ஒத்திருப்பதில்லை. மரத்தின் போக்குக்கேற்பக் கலத்தின் போக்கும் அமைந்தது. ஆயினும் அதில் ஒரு நன்மை இருந்தது. பலகையின் கனமும், முடிச்சும், வெடிப்பும் வாங்குபவன் கண்ணுக்குத் தெரிந்தன. உளுத்த மரத்தை விரலால் தட்டியே அறியலாம்.

இந்நிலையை மாற்றிய பொருள் மேலைநாட்டில் ஓரளவு தற்செயலாகவே தோன்றியது. 1932ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் ஓவன்ஸ் இலினொய் நிறுவனத்தில் டேல் கிளீஸ்ட் என்னும் இளைஞர் ஆய்வுப் பணியில் ஈடுபட்டிருந்தார். உருகிய கண்ணாடிமீது வேகமான காற்று பாய, அது மெல்லிய நார்களாகப் பிரிந்து பறந்தது. அந்நாரைப் பெருமளவில் செய்யும் வழி விரைவில் வகுக்கப்பட்டது. 1938இல் ஓவன்ஸ் கோர்னிங் நிறுவனம் அதற்கெனவே எழுந்தது. அதே காலத்தில் பொலியெஸ்ரர் ரெசின் எனப்படும் பிசினும் உருவாயிற்று. நாரும் பிசினும் கூடியபோது புதியதொரு பொருள் பிறந்தது. 1942இல் ரே கிறீன் என்பவர் இதனாலேயே ஒரு சிறுபடகைச் செய்தார்.

இக்கூட்டுறவின் தத்துவம் கீழைத்தேயத்துக்குப் புதிதன்று. களிமண்ணில் வைக்கோலைக் குழைத்துச் சுவர் வைத்த கிராமத்தவர் அதனை நன்கறிவர். மண் தனியே நின்றால் வெடிக்கும். வைக்கோல் தனியே நின்றால் சாயும். இரண்டும் கூடினால் சுவர் நிற்கும். இங்கே மண்ணின் இடத்தில் ரெசினும், வைக்கோலின் இடத்தில் கண்ணாடி நாரும் நிற்கின்றன.

அச்சு வேலை நடைபெறும் முறை இது. முதலில் செய்யவேண்டிய பொருளின் மூலவுரு மரத்தினாலோ வேறெதனாலோ ஆக்கப்படும். அதனைக் கண்ணாடிபோல் வழுவழுப்பாகத் தேய்த்து, பல முறை மெழுகு பூசுவர். மெழுகு தவறினால் அச்சும் உருவும் ஒட்டிக்கொள்ளும், இரண்டும் பாழ். மெழுகின்மேல் நார்ப்பாய்களை விரித்து, ரெசின் ஊட்டி, கனமாக அச்சு எடுப்பர். பின்னர் அவ்வச்சின் உட்புறத்தில் மெழுகு பூசி, ‘ஜெல்கோட்’ எனும் நிறப்பூச்சிட்டு, நார்ப்பாயும் ரெசினுமாக அடுக்கடுக்காக இட்டு, உருளையால் அழுத்திக் காற்றுக் குமிழிகளை வெளியேற்றுவர். ரெசினில் உறைய வைக்கும் மருந்து நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு பங்கு வரையே சேரும். கூடினால் சூடேறி வெடிக்கும். குறைந்தால் உள்ளே உறையாது கிடக்கும். ஈரமும் இதற்குப் பகை. வாடைக்கால மழையில் திறந்த கொட்டிலில் இவ்வேலை செய்பவன் தன் உழைப்பைத் தானே கெடுத்துக்கொள்கிறான்.

படகுக்குப் பயன்பட்ட வித்தை விரைவில் வீதிக்கும் வந்தது. 1953இல் அமெரிக்காவின் செவ்ரொலெற் நிறுவனம் தன் ‘கோர்வெற்’ காரின் உடலைக் கண்ணாடி நாரினால் செய்து, முதல் ஆண்டில் 300 கார்களை வெளியிட்டது. 1962இல் ஹார்லி டேவிட்சன் மோட்டார் சைக்கிள் நிறுவனம், விஸ்கொன்சின் மாநிலத்தின் டோமஹாக் என்னும் ஊரில் இருந்த படகுத் தொழிற்சாலை ஒன்றின் பெரும்பங்கை வாங்கியது. படகு வார்த்த கைகளே அங்கு மோட்டார் சைக்கிளின் பக்கப்பெட்டி முதலியவற்றையும் வார்க்கலாயின. படகின் பக்கமும் மோட்டார் சைக்கிளின் மட்காட்டும் தொழிலறிந்தவனுக்கு ஒரே பாடத்தின் இரு பயிற்சிகளே.

இலங்கையில் இப்பாடத்தின் முதற் பள்ளிகளுள் ஒன்று வடக்கே அமைந்தது. 1967இல் நோர்வே நாட்டு உதவியுடன் தொடங்கிய ‘சீநோர்’ நிறுவனம், காரைநகரில் படகுத் தளத்தையும் குருநகரில் வலைத் தொழிற்சாலையையும் நடத்தியது. 1970களிலிருந்து வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய பைபர் படகுகள் தீவின் கரையெங்கும் பரவின. பாரம் குறைவு, உளுப்பு இல்லை, கலப்பற்றுத் தேவையில்லை. ஓர் அச்சிலிருந்து பல படகுகளை எடுக்கலாம். மரமும் தச்சனும் அருகிய காலத்தில் இவை மீனவனுக்குப் பேருதவியாயின.

பிறகு வந்தது 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள். ஆழிப்பேரலையில் இலங்கையின் மாவட்டங்களுள் மிகுதியான உயிர்களை இழந்தது அம்பாறை. அங்கு இறந்தோர் 10,000 பேருக்கு மேல். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது ஆகிய ஊர்களில் கடலோரத் தெருக்கள் அடியோடு அழிந்தன. நாட்டின் மீன்பிடிக் கலங்களில் ஏறக்குறைய முக்கால் பங்கு அழிந்தோ சேதமுற்றோ போயின. படகு போன வீட்டில் அடுப்பும் அணைந்தது. ஆகவே உலகெங்குமிருந்து உதவி திரண்டபோது, எல்லோரும் முதலில் கொடுக்க எண்ணியவற்றுள் ஒன்று படகு.

வேண்டியது விரைவு, விரைவுக்கு உகந்தது அச்சு. ஆயத்தமான படகொன்றையே மூலவுருவாகக் கொண்டு புதிய அச்சு எடுத்துவிடலாம். தச்சனோ வரைபடமோ வேண்டுவதில்லை. ஆனால் இங்கேதான் அச்சின் எல்லை வெளிப்பட்டது. அச்சு வடிவத்தை நகலெடுக்கும், உறுதியை நகலெடுக்காது. மூலப் படகில் எத்தனை அடுக்கு நார் இருந்தது, அடிப்பாரில் எவ்வளவு கனம் இருந்தது, இயந்திரம் பூட்டும் பின்பலகை எங்ஙனம் உள்ளே பிணைக்கப்பட்டது என்பவற்றை அச்சு சொல்லாது. அவற்றை ஒவ்வொரு படகிலும் புதிதாகவே ஆக்கவேண்டும். ஓர் அடுக்கைக் குறைத்தால் செலவு குறையும். வெளியே மினுக்கம் குறையாது. அலையிற் சிக்கும் நாளிலேதான் அக்குறை தெரியும். அன்று அதைத் திருத்த வழியில்லை.

பேரலைக்குப் பின்னர் அவசரமாகச் செய்யப்பட்ட படகுகளின் தரம் பற்றிய கவலை பல இடங்களில் எழுந்தது. ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் 2009இல் திறந்த பைபர் படகைப் படிப்படியாகக் கட்டும் முறை குறித்து ஒரு கைந்நூலை வெளியிட்டது. அடுக்குகளின் எண்ணிக்கை, ரெசின் அளவு, வேலைக்கொட்டிலின் வெப்பநிலை, தொழிலாளியின் மூச்சுக் காப்பு ஆகிய எளிய செய்திகளே இத்தொழிலில் உயிர் காக்கும் செய்திகளாம்.

இவ்வுண்மை தரைக்கும் பொருந்தும். 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியது. 2025ஆம் ஆண்டின் தொடக்கத்திலேதான் தனியார் வாகனங்களுக்கு அத்தடை நீங்கிற்று. இத்தகைய காலத்தில் பழைய மோட்டார் சைக்கிளைப் பேணுவோருக்கு, உடைந்த மட்காட்டையோ பக்கமூடியையோ அச்செடுத்து வார்ப்பது தக்க வழி. தவறு நேர்ந்தால் அழகு கெடும், அவ்வளவே. பெற்றோல் தாங்கியோ அப்படியன்று. எத்தனோல் கலந்த பெற்றோல் சாதாரண ரெசினை இளக்கும். விபத்தில் தகரம் நெளியும் இடத்தில் கண்ணாடி நார் பிளக்கும். எதை வார்ப்பது, எதை வார்க்காது விடுவது என்று பகுத்தறிவதும் தொழிலின் ஒரு பகுதியே.

மருதமுனை கைத்தறிக்குப் பேர்போன ஊர். அங்கு சாரம் வாங்குபவர் துணியை விரலிடையே உருட்டி, வெளிச்சத்தில் பிடித்து, பாவும் ஊடும் நெருங்கியிருக்கின்றனவா எனப் பார்த்தே விலை பேசுவார். கண்ணாடி நார்த் துணியும் பாவும் ஊடுமாக நெய்யப்பட்டதே. ஆனால் அதன் நெசவு நிறப்பூச்சின் கீழ் மறைந்துவிடுகிறது. வாங்குபவன் விரல் அங்கே எட்டாது. ஆதலின் படகு வாங்குவோர் வெளிமினுக்கை விட்டு உட்புறத்தை நோக்குதல் வேண்டும். ரெசின் ஊறாத வெண்ணார் தெரிகிறதா, அழுத்தினால் பக்கம் உள்வாங்குகிறதா, எத்தனை அடுக்கு இடப்பட்டது எனக் கேட்டறிதல் வேண்டும். உதவியாகப் படகு வழங்குவோருக்கும் இக்கடமை உண்டு. வாங்குபவனால் காண இயலாத இடத்தில் அடுக்கைக் குறைக்காமல் இடுபவனே இத்தொழிலில் நல்ல தொழிலாளி. கரையில் ஒன்றுபோல் நிற்கும் அப்படகுகளுள் அவன் கைபட்டது எதுவென்று கடல் அறியும்.