மொய் நோட்டும் வரலாறுதான்

முகூர்த்த நாட்கள் வருகின்றன. மொய்யைப் பற்றிச் சிறிது எழுதுகிறேன்.

பழந்தமிழில் 'மொய்' என்றால் கூட்டம், நெருக்கம். ஈ மொய்க்கிறது என்கிறோமே, அதே சொல். ஊர் கூடி ஒரு வீட்டுச் செலவைத் தாங்கும் பழக்கத்துக்குப் பொருத்தமான பெயர்.

கிராமத்துக்கு வங்கி வராத காலத்தில் கல்யாணச் செலவுக்கு வட்டிக்காரரை விட்டால் மொய்தான் வழி. மொய்க்கு வட்டி இல்லை, பத்திரம் இல்லை. மஞ்சள் தடவிய நோட்டில் பிள்ளையார் சுழி, ஊர், பெயர், தொகை, அவ்வளவுதான். வாங்கியவர், கொடுத்தவர் வீட்டு விசேஷத்தில் கொஞ்சம் கூட்டித் திருப்பிச் செய்வார். உறவு முடியாமல் தொடரவே நூறோடு ஒரு ரூபாய் சேர்ப்பது என்பார்கள் பெரியவர்கள்.

பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் இது மொய் விருந்தாகவே வளர்ந்தது. ஆடி மாதத்தில், கல்யாணம் இல்லாமலேயே, சிலர் சேர்ந்து பந்தல் போட்டுக் கறிச்சோறு போடுவார்கள். வந்த பணம் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் பிள்ளைகள் படிப்புக்கும் முதலாகும். 2018 நவம்பரில் கஜா புயல் தென்னைகளைச் சாய்த்தபோது, வாங்கிய மொய்யைத் திருப்பிச் செய்ய முடியாமல் பல குடும்பங்கள் திணறின.

இன்று அப்பாவின் மொய் நோட்டைப் பழைய பேப்பரோடு சேர்த்துப் போட்டுவிடுகிறோம். அதில் பெயர் உள்ள ஒருவர் தன் பேத்தி கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்துவிட்டுக் காத்திருக்கலாம். அன்று அவர் எழுதிய 51 ரூபாய் பல நாள் கூலி. அதற்குச் சுவர்க் கடிகாரமோ பூங்கொத்தோ ஈடாகாது.

நோட்டைத் தேடி எடுங்கள். நேரில் போங்கள். இன்றைய மதிப்புக்குக் கூட்டிச் செய்யுங்கள்.