நிழற்படச் சுருள்களும் நம் குடும்ப வரலாறும்

ஒரு மக்கட் கூட்டத்தின் வரலாற்றுக்குச் சான்றுகள் பல. கல்வெட்டு, செப்பேடு, ஓலைச்சுவடி, நாணயம், அயலார் எழுதி வைத்த பயணக் குறிப்பு என அவற்றை வரலாற்றாசிரியர் வகைப்படுத்துவர். அரசரும் புலவரும் பெருவணிகரும் இச்சான்றுகளில் இடம் பெற்றனர். ஆயின், பிழைப்பை நாடித் தாய்மண்ணை விட்டு வடபுலம் நோக்கி ரயிலேறிய ஓர் எழுத்தர், ஓர் ஆசிரியை, ஒரு ரயில்வே ஊழியர் ஆகியோரின் வாழ்வுக்குச் சான்று எங்கே உள்ளது? அவர்களுக்கு எவரும் மெய்க்கீர்த்தி பாடவில்லை. அவர்கள் குடியிருந்த குவார்ட்டர்ஸ்களும் வாடகை வீடுகளும் பல இடங்களில் இடிக்கப்பட்டுவிட்டன. எஞ்சியிருப்பவை, பரணில் தகரப் பெட்டிக்குள்ளும் பிஸ்கட் டப்பாவுக்குள்ளும் சுருண்டு கிடக்கும் நெகட்டிவ்களும் ஸ்லைடுகளுமே எனில் அது மிகையாகாது. அவற்றின் வரலாற்றையும், அவற்றுக்கு நேர்ந்துவரும் கேட்டையும், இல்லத்திலேயே அவற்றைக் கணினிக்கு மாற்றிக் காக்கும் வழியையும் இக்கட்டுரையில் காண்போம்.

எதிர்ப்படத்தின் தோற்றம்

1839ஆம் ஆண்டு பிரான்சு நாட்டில் தாகேர் என்பாரின் நிழற்பட முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் உருவம் பதியும் முறை அது. தகடு ஒன்று, படமும் ஒன்று. அதற்குப் படி எடுக்க இயலாது. இங்கிலாந்தில் டால்பட் வேறொரு வழியைக் கண்டார். 1835இலேயே தம் மாளிகைச் சாளரத்தின் உருவைத் தாளில் எதிர்ப்படமாகப் பதித்த அவர், அம்முறையைச் செம்மைப்படுத்தி 1841இல் உரிமை பெற்றார். ஒளி இருளாகவும் இருள் ஒளியாகவும் பதிந்த ஒரு தாளிலிருந்து எத்தனை நேர்ப்படங்களையும் எடுக்கலாம் என்பதே அதன் சிறப்பு. அவற்றுக்கு நெகட்டிவ், பாசிட்டிவ் என்னும் பெயர்களை வழங்கியவர் வானியல் அறிஞர் ஜான் ஹெர்ஷல் ஆவார். மூலம் ஒன்று, படிகள் பல என்னும் இக்கருத்தே பின்வந்த நிழற்படக் கலை முழுவதற்கும் அடித்தளமாயிற்று.

இக்கலை தமிழகத்தை எட்ட நெடுங்காலம் ஆகவில்லை. சென்னை மாகாண அரசின் நிழற்படக் கலைஞராக 1856இல் அமர்த்தப்பட்ட லினயஸ் டிரைப், மெழுகிட்ட தாள் நெகட்டிவ்களைக் கொண்டு மதுரையையும் தஞ்சையையும் படமெடுத்தார். 1858இல் தஞ்சைப் பெருவுடையார் கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுகளை அவர் 21 படங்களாக எடுத்து ஒன்றோடொன்று இணைத்தார். அதன் நீளம் ஏறத்தாழ 19 அடி. கல்லில் வெட்டிய வரலாறு தாளிலும் ஏறிய நாள் அது. கல் காக்கப்படுவதற்கும் படி எடுக்கப்படுவதற்கும் உள்ள உறவை அன்றே அறிந்திருந்தனர் என்பது இதனால் புலப்படும்.

இல்லத்தை அடைந்த சுருள்

தாளும் கண்ணாடித் தகடும் ஸ்டூடியோக்காரரின் கருவிகள். பொது மக்களின் கைக்கு இக்கலை வந்தது சுருளால்தான். 1888இல் ஜார்ஜ் ஈஸ்ட்மன் 100 படங்களுக்கான சுருளை உள்ளடக்கிய கொடாக் காமிராவை விற்பனைக்குக் கொண்டு வந்தார். 1901இல் 120 எனப்படும் அகலச் சுருள் பிறந்தது. 1925இல் லைகா காமிரா சந்தைக்கு வந்தபோது, திரைப்படத்துக்கென அமைந்த 35 மில்லிமீட்டர் சுருள் 24க்கு 36 மில்லிமீட்டர் அளவுள்ள சிறு நெகட்டிவாக நிலைபெற்றது. 1935இல் கொடாக்ரோம் என்னும் வண்ணப் பிலிம் வெளிவந்தது. அதனைக் கண்டறிந்த மானஸ், கொடௌஸ்கி இருவரும் இசைக் கலைஞர்கள் என்பது வியப்புக்குரியது. அடுத்த ஆண்டே அது ஸ்லைடுகளுக்கும் பயன்படலாயிற்று.

நம் இல்லங்களில் ஆக்பா கிளிக் மூன்று என்னும் எளிய காமிரா பரவலாக வழங்கியதை மூத்தோர் நினைவு கூர்வர். 120 சுருள் ஒன்றில் 12 சதுரப் படங்கள். ஒரு சுருள் தீபாவளியில் தொடங்கிப் பொங்கலைத் தாண்டிச் சித்திரையில் முடிந்த வீடுகள் உண்டு. கிழக்கு ஜெர்மனியின் ஓர்வோ பிலிமும் நம் கடைகளில் தாராளமாகக் கிடைத்தது. உதகமண்டலத்தில் 1960இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்னும் அரசு நிறுவனம், இந்து என்னும் பெயரில் கறுப்பு வெள்ளைச் சுருள்களை ஆக்கியது. நீலகிரியில் உருவான சுருளில் தில்லியிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் வாழ்ந்த தமிழர் தம் மக்களின் முகங்களைப் பதித்து, அப்படங்களை மீண்டும் ஊருக்கே அஞ்சலில் அனுப்பினர். அந்த ஆலை இன்று இயங்கவில்லை. கொடாக்ரோமின் உற்பத்தியும் 2009இல் நின்றது.

நெகட்டிவ் கூறும் செய்திகள்

ஆல்பத்தில் படம் இருக்கையில் நெகட்டிவ் எதற்கு என வினவுவோர் உளர். ஆல்பம் என்பது தேர்ந்தெடுத்த நூல். நெகட்டிவ் என்பது மூல ஏடு. சதுர நெகட்டிவை நீள்சதுரத் தாளில் அச்சிடும்போது ஓரங்கள் விடுபடுகின்றன. சரியாக அமையாத படங்கள் அச்சிடப்படுவதே இல்லை. சுருளின் விளிம்பில் உள்ள எண்களோ எது முன், எது பின் என்னும் வரிசையைக் காட்டுகின்றன. பிலிமின் பெயரும் அங்கேயே பதிந்துள்ளது.

தில்லி கரோல்பாக்கில் வாழ்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் பழஞ்சுருள்களை ஒளிப்பெட்டியின் மீது வைத்துக் காணும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. குழந்தையின் ஆண்டு நிறைவுப் படம் அவ்வீட்டு ஆல்பத்தில் நெடுங்காலமாக உள்ளது. அதில் தாயும் தந்தையும் குழந்தையும் மட்டுமே உள்ளனர். நெகட்டிவிலோ ஓரத்தில் இன்னும் ஓர் அம்மையார் நின்று, குழந்தையின் மறு கையைப் பற்றியிருக்கிறார். அவர் அடுத்த வீட்டுப் பஞ்சாபிப் பெண்மணி என்றும், 1947இல் லாகூரிலிருந்து அனைத்தையும் இழந்து வந்தவர் என்றும், பிரசவ காலத்தில் தமக்குத் தாயாக நின்றவர் என்றும் அவ்வீட்டுப் பாட்டியார் கூறினார். தெற்கிலிருந்து பிழைப்புக்கு வந்த குடும்பமும் மேற்கிலிருந்து உயிர் பிழைத்து வந்த குடும்பமும் ஒரே முற்றத்தைப் பகிர்ந்துகொண்ட வரலாறு, அச்சுத் தாளின் ஓரத்தில் வெட்டுண்டு போயிருந்தது. அடுத்த இரு படங்களில் தண்ணீர் நிரப்பி வைத்த அண்டாக்களும், காப்பிக்கொட்டை அரைக்கும் கைப்பொறியும், சுவரில் தமிழ் நாட்காட்டியும் காணப்பட்டன. இவற்றை எந்த ஆவணக் காப்பகமும் நமக்காகச் சேர்த்து வைக்கப் போவதில்லை.

அழிவின் இயல்பு

இச்சான்றுகள் நிலையானவை அல்ல. தொடக்க காலப் பிலிம் எளிதில் தீப்பற்றும் நைட்ரேட்டால் ஆனது. அதனைக் கொடாக் நிறுவனம் 1951இல் கைவிட்டது. பின்னர் வந்த அசிட்டேட் பிலிம் தீக்குப் பாதுகாப்பானது. வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் பாதுகாப்பானதன்று. ஈரமும் சூடும் சேரும்போது அதிலிருந்து அசிட்டிக் அமிலம் வெளிப்படுகிறது. காடி மணம் வீசும். பிலிம் சுருங்கி நெளியும். வெளிப்பட்ட அமிலமே மேலும் அழிவை விரைவுபடுத்தும். இக்கேடு முதன்முதலில் 1954இல் கொடாக் நிறுவனத்தின் கவனத்துக்கு வந்தது. அவ்வாறு தெரிவித்தது இந்திய அரசே என்பது நாம் கருதத்தக்கது. 21 பாகை வெப்பமும் 50 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள அறையில் புதிய அசிட்டேட் பிலிம் ஏறத்தாழ 40 ஆண்டுகளில் இந்நிலையை எட்டும் என ஆய்வாளர் கணித்துள்ளனர். தில்லியின் கோடையையும் பம்பாயின் மழைக்காலத்தையும் கண்ட நம் பெட்டிகளுக்கு அத்துணைத் தவணையும் கிடைப்பது அரிது. 1970களின் சுருள்களுக்கு வயது ஐம்பதை ஒட்டிவிட்டது.

வண்ணப் படங்களின் நிலை வேறு. சாயங்கள் ஒரே வேகத்தில் மங்குவதில்லை. நீலச் சாயல் முதலில் குறைந்து படம் சிவந்து போவதைப் பலரும் கண்டிருப்பர். மழைக்காலத்தில் ஜெலட்டின் மீது படரும் பூஞ்சை மற்றுமொரு பகை.

பெரு நிறுவனங்களும் இதற்கு விலக்கல்ல. கல்கத்தாவின் புகழ் பெற்ற போர்ன் அண்டு ஷெப்பர்டு ஸ்டூடியோவின் பழஞ்சேமிப்பில் பெரும் பகுதியை 1991இல் நேர்ந்த தீ அழித்தது. ஸ்டூடியோவும் 2016இல் மூடப்பட்டது. தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களின் பழம்படங்களைத் தேடித் திரட்டிக் கணினிப் படிகளாக்கும் பணியைப் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியுடன் பாண்டிச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் மேற்கொண்டது. ஸ்டூடியோக்களுக்கு அத்தகைய துணை கிடைத்தது. வீட்டுப் பெட்டிக்கு வீட்டாரே துணை.

பெயர்த்தெழுதும் மரபு

அழியும் பொருளில் எழுதியதைக் காக்கத் தமிழர் கண்ட வழி பெயர்த்தெழுதுதல். ஓலை செல்லரிக்கும் முன் புது ஓலையில் படி எடுத்தனர். அவ்வாறு எடுக்கத் தவறிய ஏடுகள் ஆடிப்பெருக்கில் ஆற்றில் விடப்பட்டன, அடுப்பிலும் இடப்பட்டன. உ.வே. சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்து ஏடு தேடி, 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த வரலாறு நாம் அறிந்ததே. நெகட்டிவைக் கணினிக்கு மாற்றுவதும் அம்மரபின் தொடர்ச்சியே.

ஸ்கேனர் எனும் வருடியால் நிழற்படம் ஒன்று கணினிக்குள் முதன்முதல் சென்றது 1957இல். அமெரிக்கத் தரநிர்ணய அலுவலகத்தைச் சேர்ந்த ரசல் கிர்ஷ் அதனைச் செய்தார். அவர் தேர்ந்த படம் தம் மூன்று மாதக் குழந்தையின் முகம்! பக்கத்துக்கு 176 புள்ளிகள் கொண்ட மிகச் சிறு படம் அது. இக்கருவியின் வரலாறே ஒரு குடும்பப் படத்தில் தொடங்கியது என்பது நமக்கு உவப்பளிக்கும்.

இன்று இப்பணிக்கு வழிகள் மூன்று: மூடியில் ஒளிவிளக்கு அமைந்த தட்டை ஸ்கேனர், பிலிமுக்கென்றே அமைந்த ஸ்கேனர், ஒளிப்பெட்டியின் மீது பிலிமை வைத்து அண்மைக் காட்சி லென்சுடைய காமிராவால் படமெடுத்தல். 35 மில்லிமீட்டர் நெகட்டிவை அங்குலத்துக்கு 2400 புள்ளிகளில் எடுத்தால் ஏறத்தாழ 77 லட்சம் புள்ளிகள் கொண்ட படம் கிட்டும். சதுரப் பெரு நெகட்டிவுக்கு 1200 புள்ளிகளே ஏறக்குறைய அந்த அளவைத் தரும். தட்டை ஸ்கேனர்களின் உண்மைத் திறன் விளம்பர எண்ணிலும் குறைவு என்பதை மனத்திற் கொள்ளுதல் நன்று.

பிலிமை விளிம்பில் மட்டுமே பற்றுக. தூசியை மென்தூரிகையாலோ காற்றூதியாலோ அகற்றுக. பூஞ்சை பிடித்த பிலிமை நீரில் கழுவலாகாது; பூஞ்சையால் நொய்ந்த ஜெலட்டின் கரைந்து உருவமும் போய்விடும். அகச்சிவப்புக் கதிரால் தூசியைக் கண்டு நீக்கும் வசதி சில கருவிகளில் உண்டு. அது வண்ண நெகட்டிவுக்கு நன்கு உதவும். வெள்ளித் துகளால் ஆன கறுப்பு வெள்ளைப் பிலிமுக்கு உதவாது. கொடாக்ரோமிலும் பிழை செய்யும். பளபளப்பான பக்கம் எது, மங்கிய பக்கம் எது என நோக்கி வைக்க வேண்டும். மாறி வைத்தால் படம் இடவலமாகப் புரளும். ஆடவரின் சட்டைப்பையும் மகளிரின் முந்தானையும் அவர்தம் உடலின் வலப்புறம் காணப்பட்டால் ஐயுறுக. மூலப் படியைச் சுருக்காத டிப் வடிவில் காத்து, உறவினர்க்கு அனுப்ப ஜேபெக் படி ஒன்றை எடுக்கலாம். படிகள் ஓரிடத்தில் மட்டும் இருத்தல் கூடாது. ஒன்றேனும் வேறு ஊரில் உள்ள உறவினரிடம் இருத்தல் வேண்டும்.

படி எடுத்தபின் நெகட்டிவை எறிந்துவிடுவது பெரும் பிழை. கணினிக் கோப்பும் ஒரு படியே. நாளை இன்னும் நுண்ணிய கருவி வரலாம். காடி மணம் வீசுவனவற்றைத் தனியே பிரித்து, ஏனையவற்றைத் தாள் உறைகளில் இட்டு, பரணை விடுத்து வீட்டின் குளிர்ந்த உலர்ந்த மூலையில் வைத்தல் வேண்டும்.

பெயரில்லாப் படம்

இவையனைத்தினும் முதன்மையானது ஒன்றுண்டு. பெயர் அறியப்படாத முகம் எத்துணைத் தெளிவாக இருப்பினும் வரலாறாகாது. பெயரையும் ஊரையும் ஆண்டையும் கூறவல்லோர் நம் இல்லங்களில் எண்பதைக் கடந்து அமர்ந்திருக்கின்றனர். பிலிமின் சிதைவைக் குளிர்ச்சியால் தள்ளிப் போடலாம். முதுமையைத் தள்ளிப் போட இயலுமோ? ஆதலின் முதலில் நல்ல ஸ்கேனரைத் தேடி ஆண்டுகளைக் கழிப்பதினும், இருக்கும் கருவியால் எடுத்த மங்கலான படியையேனும் பெரியோர் முன் வைத்து, அவர்கள் சொல்வதைச் சொன்னபடியே எழுதிக்கொள்வது அறிவுடைமை. இளையோர் கருவியை இயக்கட்டும். மூத்தோர் பெயர்களைச் சொல்லட்டும். தமிழ் எழுதத் தெரியாமல் அயல் மண்ணில் வளர்ந்த பிள்ளைகளுக்கு, இவ்வாறு பாட்டன் பாட்டி சொற்களைக் கேட்டு எழுதுவதே ஒரு தமிழ்ப் பாடமாகவும் அமையும்.

சங்கங்கள் ஞாயிறுதோறும் ஒரு மேசையும் ஒரு ஸ்கேனரும் அமைத்து இப்பணிக்கு இடம் தரலாம். குடும்பம் தோறும் ஒரு பெட்டி திறக்குமாயின், வடபுலத் தமிழர் வாழ்வின் வரலாறு எழுதுவோர்க்கு மூல ஏடுகளுக்குக் குறைவிராது. இவ்வாண்டு மழைக்காலம் தொடங்குமுன் அப்பெட்டியைப் பரணிலிருந்து இறக்குவோமாக.