உறைபனிக்குத் தப்பும் ரோஸ்மேரி

மத்திய தரைக்கடல் ஓரத்து ரோஸ்மேரி எங்கள் ஊட்டிக்கு வெள்ளைக்காரர்களின் பங்களாத் தோட்டங்கள் வழியாக வந்தது. அவர்களில் ஒருவரான ஜான் சல்லிவன் 1819-இல் நீலகிரி ஏறினார். பின்னால் வந்த வெள்ளைக்காரர்களுக்கு வாய் ருசி முக்கியம். மாதம் 3 ரூபாய் சந்தா போட்டுக் காய்கறித் தோட்டம் வைத்தார்கள். அது ஓடவில்லை. 1848-இல் மெக்கைவர் என்ற தோட்டக்கலைஞர் வந்து அந்த இடத்தைத் தாவரவியல் பூங்காவாக்கினார். சந்தாத் தோட்டம் ஓடாததால் நமக்கொரு பூங்கா கிடைத்தது என்பேன்!

மார்கழி, தையில் இங்கே உறைபனியால் புல்வெளி வெளுத்துக் கிடக்கும். பூங்காவில் நாற்றுகளைக் கோத்தகிரி மலார் என்ற செடியால் மூடுவார்கள். விடியுமுன் தண்ணீர் தெளித்து உறைபனியைக் கரைப்பார்கள். அப்பா மாலி வேலை பார்த்தவர். வீட்டிலும் அதே முறைதான். ரோஸ்மேரி கொஞ்சம் தாங்கும். துளசி ஒரே இரவில் கறுத்துவிடும். அதனால் துளசித் தொட்டி மட்டும் சாயங்காலமே சமையலறை ஜன்னலுக்கு வந்துவிடும். இரண்டுக்கும் தண்ணீர் குறைவாகத்தான் விடவேண்டும், குளிரில் வேர் அழுகும்.

ரோஸ்மேரியின் ஊசி இலையைக் காம்பிலிருந்து கீழ்நோக்கி உருவினால் விரலில் பிசின் ஒட்டும். பங்களாவில் அதை ஆட்டுத்தொடை வறுவலுக்குப் போட்டார்கள். அம்மா உருளைக்கிழங்குப் பொரியலுக்குப் போட்டார், கறிவேப்பிலை கிராக்கியான நாட்களில்.