பழைய லேண்ட்ரோவரை வீட்டிலேயே சீரமைக்க முடியுமா? தோலை விடுங்கள், எலும்பைப் பாருங்கள்

கேமரன் மலைக்குப் போய் வந்தவர்கள் இந்தக் காட்சியைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. முட்டைக்கோஸ் கூடைகளை ஏற்றிக்கொண்டு, பெயிண்ட் மங்கி, கதவு ஆடி ஆடிச் சத்தம் போட, ஒரு பழைய லேண்ட்ரோவர் மேட்டில் ஏறிக்கொண்டிருக்கும். அதன் வயது ஓட்டுகிறவரின் வயதைவிட அதிகமாகவும் இருக்கலாம். ரப்பர், செம்பனைத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கும் இந்த வண்டி பழக்கமானதுதான். துரையின் வண்டி என்றால் பல தோட்டங்களில் இதுதான்.

அந்த வண்டிகளில் சில இன்றும் கொட்டகைகளிலும் வீட்டுப் பின்புறங்களிலும் கிடக்கின்றன. "அப்பா ஓட்டிய வண்டி, திரும்ப ஓட வைக்கவேண்டும்" என்று நம் இளைஞர்கள் ஆசையோடு இறங்குகிறார்கள். ஆனால் பிரித்த வண்டிகளில் எத்தனையோ திரும்பப் பூட்டப்படாமலேயே பழைய இரும்புக் கடைக்குப் போய்விடுகின்றன. காரணம் பணம் மட்டும் அல்ல. வேலையைத் தவறான இடத்தில் தொடங்குவதுதான் பெரிய காரணம். எதிலிருந்து தொடங்கவேண்டும், எதைக் கடைசியில் செய்யவேண்டும் என்பதை இந்தக் கட்டுரை விளக்குகிறது.

வண்டியின் கதை

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இங்கிலாந்தின் ரோவர் நிறுவனம் விவசாய வேலைக்கு ஏற்ற ஒரு வண்டியை உருவாக்க முனைந்தது. அதன் பொறியாளர் மோரிஸ் வில்க்ஸ் தம் பண்ணையில் ஓட்டிய அமெரிக்க ஜீப்தான் அதற்குத் தூண்டுதல். 1948 ஏப்ரல் 30ஆம் தேதி ஆம்ஸ்டர்டாம் மோட்டார் கண்காட்சியில் லேண்ட்ரோவர் அறிமுகமானது.

போர் முடிந்த காலத்தில் இங்கிலாந்தில் எஃகு தட்டுப்பாடு இருந்தது. அதனால் வண்டியின் மேல்தகடுகளில் பெரும்பாலானவற்றை 'பர்மாபிரைட்' என்ற அலுமினியக் கலவையில் செய்தார்கள். அடியில் இருக்கும் சேசியும், இன்ஜினுக்கும் ஓட்டுநருக்கும் இடையில் நிற்கும் 'பல்க்ஹெட்' என்ற தடுப்புச் சுவரும் எஃகு. இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டால் சீரமைப்பு வேலையில் பாதி புரிந்துவிடும். அலுமினியம் துருப்பிடிக்காது, எஃகு துருப்பிடிக்கும். வெளியே பளிச்சென்று தெரியும் வண்டி, அடியில் உளுத்துப் போயிருக்கலாம்.

லேண்ட்ரோவர் பிறந்த அதே 1948இல்தான் மலாயாவில் அவசரகாலம் தொடங்கியது. 1960 வரை நீடித்த அந்தக் காலத்தில் பிரிட்டிஷ் படைகளும் தோட்டத் துரைமார்களும் இந்த வண்டியைப் பயன்படுத்தினார்கள். நம் நாட்டுத் தோட்டச் சாலைகளில் அது வேரூன்றியதற்கு இந்த வரலாறும் ஒரு காரணம்.

உங்களிடம் இருப்பது எந்த வண்டி?

'சீரிஸ்' வண்டிகள் மூன்று வகை. சீரிஸ் 1 என்பது 1948 முதல் 1958 வரை வந்தது. அதன் பக்கவாட்டுத் தகடு நேராகத் தட்டையாக இருக்கும். சீரிஸ் 2 வண்டி 1958இல் வந்தது. அதில் இடுப்புப் பகுதி சற்று வெளியே வளைந்திருக்கும். 1961 முதல் 1971 வரை வந்தது சீரிஸ் 2ஏ. முன்விளக்குகள் தொடக்கத்தில் நடுவில் கம்பி வலையோடு ஒட்டி இருந்தன. 1960களின் கடைசியில் இரு பக்க மட்கார்டுகளுக்கு மாறின. சீரிஸ் 3 என்பது 1971 முதல் 1985 வரை. அதன் முன்வலை பிளாஸ்டிக்.

நீளத்தில் அதிகம் காணப்படுபவை 88 அங்குலம், 109 அங்குலம் என்ற இரண்டு அளவுகள். இது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையிலான தூரம். சீரிஸ் 2 முதல் பரவலாக வந்த பெட்ரோல் இன்ஜின் நான்கு சிலிண்டர், 2,286 சிசி. பல பாகங்கள் ஒரு சீரிஸிலிருந்து அடுத்ததற்குப் பொருந்துவதால் சாமான் கிடைப்பது, இதே வயதுடைய மற்ற வண்டிகளைவிட எளிது.

முதல் வேலை: ஸ்பேனர் அல்ல, கெரான்

போல்ட் ஒன்றைக்கூடக் கழற்றுவதற்கு முன் வண்டியின் கெரானைத் தேடி எடுங்கள். அதில் உள்ள சேசி எண்ணும் இன்ஜின் எண்ணும் வண்டியில் இருக்கும் எண்களோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். சீரிஸ் 2, 3 வண்டிகளில் சேசி எண் பெரும்பாலும் வலது முன் ஸ்பிரிங் மாட்டும் இடத்துக்கு அருகில் பொறிக்கப்பட்டிருக்கும். சேறும் பெயிண்டும் மூடியிருந்தால் கம்பி பிரஷால் மெதுவாகத் தேயுங்கள். கிரைண்டரைக் கொண்டுபோகாதீர்கள், எண் அழிந்துவிட்டால் வண்டியே போனமாதிரி.

கெரான் இல்லாத வண்டி, இறந்துபோனவர் பெயரிலேயே இருக்கும் வண்டி, பல ஆண்டுகளாகச் சாலை வரி கட்டாத வண்டி ஆகியவற்றுக்கு முதலில் சாலைப் போக்குவரத்து இலாகாவில், அதாவது ஜேபிஜேயில், நேரில் விசாரியுங்கள். இன்ஜினை மாற்றுவது, நிறத்தை மாற்றுவது போன்றவற்றையும் அவர்களிடம் பதிவு செய்யவேண்டும். ஆவணம் சரியாகாத வண்டிக்குச் செலவழிக்கும் பணம் கொட்டகைக்குள்ளேயே நின்றுவிடும்.

சுத்தியலால் தட்டிப் பாருங்கள்

அடுத்தது சேசி. வண்டிக்கு அடியில் போய்ச் சிறு சுத்தியலால் ஒவ்வோர் இடமாகத் தட்டுங்கள். நல்ல இரும்பு 'ணங்' என்று ஒலிக்கும். துருவேறிய இரும்பு மந்தமாக ஒலிக்கும். சந்தேகமான இடத்தில் ஸ்குரூடிரைவரை அழுத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் அது இரும்பு அல்ல, பெயிண்ட்.

குறிப்பாகப் பார்க்கவேண்டிய இடங்கள்: பின் குறுக்குச் சட்டம், ஸ்பிரிங் மாட்டும் இடங்கள், சேசியிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள். தோட்டத்துச் செம்மண் சேறு இந்த மூலைகளில்தான் தங்கி ஈரத்தைப் பிடித்துவைக்கும். சேசி உள்ளீடற்ற பெட்டி வடிவம் என்பதால், நீர் வடியும் துளைகள் அடைத்துக்கொண்டால் உள்ளிருந்தே அரிக்கும். பல்க்ஹெட்டில் கால் வைக்கும் கிண்ணப் பகுதியும், கதவுத் தூணின் அடிப்பகுதியும் அரிந்திருக்கும்.

அலுமினியமும் எஃகும் ஒட்டியிருக்கும் இடங்களையும் விடாதீர்கள். இரண்டு உலோகங்களுக்கு நடுவில் ஈரம் புகுந்தால், துருவே பிடிக்காத அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரத் தொடங்கும். திரும்பப் பூட்டும்போது நடுவில் ரப்பரோ சீலண்டோ வைப்பது இதற்காகத்தான்.

கால்கிண்ணம், பக்கக் கை போன்ற சிறு பகுதிகளை அறுத்தெடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்யலாம். அழுகிய தகட்டின்மேல் இன்னொரு தகட்டை ஒட்டுவது வேலை அல்ல. நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டவேண்டும். முதன்மைச் சட்டமே போயிருந்தால் அனுபவமுள்ள வெல்டரிடம் கொடுங்கள். துத்தநாகம் பூசிய புதுச் சேசியை இங்கிலாந்தில் செய்து விற்கிறார்கள். ஆனால் சேசியை மாற்றினால் எண் பிரச்சினை வரும் என்பதால், வாங்குவதற்கு முன்பே ஜேபிஜேயில் கேட்டுவிடுங்கள்.

உயிருக்கு ஆபத்தான நான்கு இடங்கள்

வீட்டில் வேலை செய்கிறவர்கள் இந்தப் பகுதியை இரண்டு முறை படிக்கவேண்டும்.

ஒன்று, ஹேண்ட்பிரேக். சாதாரணக் காரில் அது சக்கரத்தைப் பிடிக்கும். சீரிஸ் லேண்ட்ரோவரில் அது கியர் பெட்டிக்குப் பின்னால் உள்ள டிரம்மைப் பிடித்து, தண்டு சுழலாமல் தடுக்கிறது. ஒரு பின் சக்கரத்தை ஜேக்கில் தூக்கிவிட்டால், தூக்கிய சக்கரம் சுழல, தரையில் உள்ள சக்கரமும் உருள முடியும். ஹேண்ட்பிரேக் போட்டிருந்தாலும் வண்டி ஜேக்கிலிருந்து நழுவிவிடும். ஆகவே மற்ற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். ஜேக்கை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள். தாங்கு ஸ்டாண்டு கட்டாயம்.

இரண்டு, பெட்ரோல் டேங்க். பல வண்டிகளில் அது முன் இருக்கைக்கு அடியிலேயே இருக்கிறது. வெல்டிங்குக்கு முன் டேங்கைக் கழற்றித் தூரமாக வையுங்கள். காலி டேங்க் ஆபத்து இல்லை என்று நினைப்பது தவறு. உள்ளே தங்கியிருக்கும் ஆவிதான் வெடிக்கும்.

மூன்று, பிரேக் தூசி. பழைய பிரேக் ஷூ, கிளட்ச் தட்டு ஆகியவற்றில் அஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். கம்ப்ரசர் காற்றால் ஊதக் கூடாது. நனைத்துத் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போடுங்கள். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம் என்பதால், அதையும் தண்ணீர் ஊற்றியே தேயுங்கள். பிள்ளைகளை அருகில் விடவேண்டாம்.

நான்கு, கை இரும்பு. முன்பக்கத்தில் கம்பி விட்டுச் சுழற்றி ஸ்டார்ட் செய்யும் வசதி இந்த வண்டியில் உண்டு. பிடிக்கும்போது கட்டைவிரலை மற்ற விரல்களின் பக்கமே வைக்கவேண்டும். கம்பியைச் சுற்றிப் பிடிக்கக் கூடாது. இன்ஜின் எதிர்ப்பக்கம் உதைத்தால் கட்டைவிரல் முறிந்துவிடும்.

இன்ஜின்: அவசரம் வேண்டாம்

பல ஆண்டு நின்ற வண்டிக்குப் புது பேட்டரி மாட்டி உடனே ஸ்டார்ட்டரை அழுத்துவதுதான் பலரும் செய்யும் தவறு. பிஸ்டன் இறுகிப் பிடித்திருந்தால் உள்ளே சேதம் அதிகமாகும். பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் துரு இளக்கும் எண்ணெய் ஊற்றி, சில நாள் ஊற விடுங்கள். பிறகு கை இரும்பால் மெதுவாக அசைத்துப் பாருங்கள். தாராளமாகச் சுழன்ற பிறகு பழைய பெட்ரோலை வடித்து, எண்ணெய் மாற்றி, கார்புரேட்டரைக் கழுவி, அதற்குப் பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள்.

2,286 சிசி பெட்ரோல் இன்ஜினில் பிளக் எரியும் வரிசை 1-3-4-2. வால்வு இடைவெளி 0.010 அங்குலம், அதாவது ஏறக்குறைய 0.25 மில்லிமீட்டர். இந்த இரண்டையும் சுவரில் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

வயரிங்கில் ஓர் எச்சரிக்கை. 1960களின் பிற்பகுதிக்கு முந்தைய பல வண்டிகளில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைக்கப்பட்டிருக்கும். இன்றைய வழக்கப்படி நெகட்டிவ் என்று நினைத்து மாட்டினால் டைனமோவும் மற்றவையும் கெடும். பார்த்துவிட்டு மாட்டுங்கள். எலி கடித்த, தோல் உரிந்த வயர்களுக்கு டேப் சுற்றுவதைவிட முழுக் கட்டையும் மாற்றுவது மேல்.

பிரேக்கும் கியரும்

பழைய சீரிஸ் வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு பிரேக் எண்ணெய் ஒரே சுற்றில் ஓடுகிறது. ஒரு குழாய் வெடித்தால் நான்கு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். ஆகவே இங்கே சிக்கனம் பார்க்காதீர்கள். ரப்பர் குழாய்கள், இரும்புக் குழாய்கள், சக்கர சிலிண்டர்கள், மாஸ்டர் சிலிண்டர் எல்லாவற்றையும் புதிதாகப் போடுங்கள்.

கியர் மாற்றும்போது கரகரவென்று கத்தினால் பெட்டி கெட்டுவிட்டது என்று உடனே முடிவுகட்டவேண்டாம். சீரிஸ் 3க்கு முந்தைய வண்டிகளில் முதல் இரண்டு கியர்களுக்கு சிங்க்ரோமெஷ் கிடையாது. கிளட்சை இரண்டு முறை மிதித்து மாற்றவேண்டும். தோட்டத்தில் லாரி ஓட்டிய பெரியவர் யாரையாவது பக்கத்தில் உட்கார வைத்தால் ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொள்ளலாம். மஞ்சள் குமிழ் உள்ள சிறு கம்பியை அழுத்தினால் நான்கு சக்கர இயக்கம். சிவப்புக் குமிழ் உள்ளதைப் பின்னால் இழுத்தால் மெதுவான, பலமான கியர்.

பெயிண்ட் கடைசியில்

ஆவணம், சேசி, பல்க்ஹெட், பிரேக், ஸ்டீயரிங், இன்ஜின், வயரிங், பெயிண்ட். வரிசை இதுதான். ஆர்வத்தில் முதலில் பெயிண்ட் அடித்துவிட்டு, பிறகு வெல்டிங் செய்து அதையே கருக்கிக்கொள்கிறவர்கள் உண்டு.

வண்டி முழுவதையும் ஒரே நாளில் பிரிக்காதீர்கள். ஒரு பகுதியைக் கழற்றி, முடித்து, பூட்டிய பிறகே அடுத்ததைத் தொடுங்கள். கழற்றுவதற்கு முன் கைப்பேசியில் படம் எடுங்கள். போல்ட்டுகளைப் பையில் போட்டு எந்த இடத்தது என்று எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து நினைவு இருக்காது. போல்ட்டுகள் பெரும்பாலும் அங்குல அளவு என்பதால், மில்லிமீட்டர் ஸ்பேனரைத் திணித்து மூலையை மழுக்காதீர்கள். வண்டியைக் கேன்வாஸால் இறுக்கி மூடுவதும் கூடாது. நம் ஊர் மழைக்கும் புழுக்கத்துக்கும் உள்ளே வியர்த்து, திறந்த வெளியில் கிடப்பதைவிட மோசமாகத் துரு ஏறும். மேலே கூரையும் பக்கத்தில் காற்றோட்டமும் போதும்.

இந்த வண்டிகளைத் தோட்டப் பட்டறைகளில் கழற்றிப் பூட்டியவர்கள் பலரும் நம்மவர்கள். புத்தகம் பார்க்காமல் சத்தத்தை வைத்தே கோளாறு சொன்னவர்கள். அவர்களில் பலருக்கு இப்போது வயதாகிவிட்டது. உங்கள் குடும்பத்தில் அப்படி ஒரு தாத்தாவோ மாமாவோ இருந்தால், வண்டியை வாங்குவதற்கு முன்பே அவரை அழைத்துப்போய்க் காட்டுங்கள். அவர் சொல்வதைக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். சாமானை வெளிநாட்டிலிருந்துகூட வரவழைத்துக்கொள்ளலாம். அந்த அனுபவத்தை வேறெங்கும் வாங்க முடியாது.