உறைவிடப் பயிற்சியும் பணிச்சோர்வும்

பால்டிமோரில் 1889இல் திறக்கப்பட்ட ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட் வகுத்த உறைவிடப் பயிற்சி, அதாவது பட்டம் பெற்ற இளம் மருத்துவர் மருத்துவமனையிலேயே தங்கி இரவுபகலாக நோயாளிகளைக் கவனித்துத் தொழில் கற்கும் முறை, அமெரிக்கா முழுவதற்கும் முன்மாதிரியாயிற்று. ஹால்ஸ்டெட்டோ, 1884இல் கொக்கெயினை மரப்பு மருந்தாகத் தம் உடலிலேயே சோதித்து அதற்கு அடிமையாகி, பின்னர் மார்ஃபினுக்கும் அடிமையானவர். சக மருத்துவர் வில்லியம் ஆஸ்லர் எழுதிவைத்த இரகசியக் குறிப்பு 1969இல் வெளியானபோதுதான் மார்ஃபின் பழக்கம் ஹால்ஸ்டெட்டை விடவில்லை என்பது வெளிப்பட்டது. கோடைதோறும் பல மாதங்கள் விடுப்பில் சென்றுவிடும் ஒருவரின் பெயரால் ஓய்வறியா உழைப்பு மருத்துவ அறமாகப் போற்றப்பட்டது விநோதந்தான்.

நியூயார்க்கில் இலவச மருத்துவ நிலையமொன்றில் தொண்டாற்றிய உளவியலாளர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர், பிறருக்கு உதவும் தொழிலில் இருப்போர் உடலும் மனமும் வற்றிப்போகும் நிலையான பணிச்சோர்வை 1974இல் விவரித்தார். எனினும் உறைவிடப் பயிற்சி மருத்துவர்களின் பணிநேரத்தைக் குறைக்கச் செய்தது அவர்களின் துயரமன்று, நோயாளி ஒருவரின் இழப்பே: அந்நகர மருத்துவமனையொன்றில் பயிற்சி மருத்துவர்களின் கவனிப்பிலிருந்த 18 வயதுப் பெண் 1984இல் இறந்ததையடுத்து எழுந்த வழக்கும் விசாரணையும், வாரத்துக்கு 80 மணி நேரம் என்ற வரம்பை 1989இல் நியூயார்க் மாநிலத்திலும், 2003இல் நாடெங்கிலும் கொண்டுவந்தன. அந்த வரம்பும் நான்கு வாரச் சராசரியாகவே கணக்கிடப்படுகிறது.