கொல்லைக் கீரையும் ஏலத்தோட்டமும்: ஓர் ஆங்கில மரபுத்தொடரின் பாதை

ஒன்றைச் சர்வசாதாரணம் என்று ஒதுக்கிவிட ஆங்கிலேயர் ‘காமன் ஆர் கார்டன்’ என்பார்கள். அமெரிக்கர் வாயில் அது ‘கார்டன் வெரைட்டி’. காய்ச்சலோ வக்கீலோ, தோட்டத்து ரகம் என்று சொல்லிவிட்டால் மதிப்பு அவ்வளவுதான். தோட்டத்துக்கு ஏன் இந்த இளக்காரம்?

இத்தொடரின் பழைய தடங்களில் ஒன்று, வில்லியம் கோல்ஸ் 1657இல் வெளியிட்ட ‘ஆதாம் இன் ஈடன்’ என்ற மூலிகை நூலில் இருக்கிறது. ‘நைட்ஷேட்’ என்ற பெயரில் அன்று பல செடிகள் வழங்கின. அவற்றில் ஒன்று பெல்லடோனா. பழம் தின்றால் உயிருக்கே ஆபத்து. இன்னொன்று வேலியோரம் முளைப்பது, நம் மணத்தக்காளி. மதுரைப் பக்கத்தில் சுக்குட்டி என்போம். இந்த இரண்டாவதைத்தான் கோல்ஸ் ‘காமன் ஆர் கார்டன் நைட்ஷேட்’ என்று குறிப்பிட்டு, இதனால் ஆபத்தில்லை என்கிறார். அடைமொழி அங்கே இகழ்ச்சியாக வரவில்லை. பயப்படாதே என்ற உத்தரவாதமாக வருகிறது. பாசிப்பருப்பும் தேங்காயும் சேர்த்து வாய்ப்புண்ணுக்குக் கூட்டு வைப்பதும், காயை மோரில் ஊறப்போட்டு வெயிலில் வத்தலாக்குவதும் இந்தச் செடியில்தான். 1890களில் லண்டன்காரர்கள் தாவரவியல் பெயரின் தோரணையைக் கேலிக்கு எடுத்துக்கொண்டு, கண்ட பொருளுக்கும் இதை ஒட்டவைத்தார்கள். உத்தரவாதம் அலட்சியமாக மாற இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது.

போடிக்குப் பக்கத்தில் ராசிங்காபுரத்தில் போய்த் தோட்டம் என்றால் சாதாரணம் என்று சொன்னால் சிரிப்பார்கள். மழையை நம்பிய மானாவாரி நிலம் அங்கே காடு. கிணறு வெட்டி, மோட்டார் இறக்கிய பிறகே அது தோட்டம். மலைக்கு மேலே போனால் இன்னும் கனம் கூடும். சம்பந்தம் பேசும் இடத்தில் ‘மேலே ஏலத்தோட்டம் இருக்கு’ என்ற ஒரு வாக்கியத்துக்கு இருக்கும் எடை வேறு.

இந்த எடையும் பழங்காலத்திலிருந்து வந்ததல்ல. முன்பு ஏலம் காட்டுப்பொருள். சோலையில் அடிச்செடிகளை வெட்டி வெளிச்சம் விட்டால் ஏலம் தானே கிளம்பும். காய்க்கும் காலத்தில் போய்ப் பறித்து வருவார்கள். நட்டு, களையெடுத்து, நிழல் கவாத்துச் செய்யும் முறை பிறகு வந்தது. கம்பம் பள்ளத்தாக்கிலும் போடியிலும் குடியிருந்துகொண்டு மலையில் ஏலம் வளர்த்த தமிழ் ரயத்துகளுக்கு இதில் பெரும் பங்குண்டு. திருவிதாங்கூர் அரசோ அதே மலைகளை 1897இல் ஏலமலைக் காப்புக்காடாக அறிவித்தது. அந்த அறிவிப்பின் விளைவு இன்றும் ஓயவில்லை: நிலம் வருவாய்த் துறைக்கு, மேலே நிற்கும் மரம் வனத்துறைக்கு. பத்திரத்தில் காடு, பேச்சில் தோட்டம். விடியற்காலையில் போடிமெட்டுக்கு ஜீப் ஏறும் கூலிப் பெண்கள் ‘தோட்டத்துக்குப் போறோம்’ என்றுதான் சொல்கிறார்கள். அது காடா தோட்டமா என்று வழக்காடுபவர்கள் இவர்களையும் ஒருமுறை விசாரித்திருக்கலாம்.

தோட்டத்துக்குள்ளேயே எது சாதாரண ரகம் என்பதும் இடம் மாறியிருக்கிறது. மலபார், மைசூர், வழுக்கை என்ற மூன்றும் பழைய ரகங்கள். கட்டப்பனைப் பக்கத்து விவசாயி செபாஸ்டியன் ஜோசப் தன் செடிகளிலிருந்தே தேர்ந்தெடுத்துப் பெருக்கிய ரகத்துக்கு அவருடைய வீட்டுப் பெயரான ஞள்ளானியே பெயரானது. விளைச்சலில் பழைய ரகங்கள் அதற்குப் பக்கத்தில் நிற்கவில்லை. கிழங்கோடு சேர்ந்த பக்கத் தண்டான தட்டையைப் பிரித்து நட்டால் தாய்ச்செடியின் குணம் மாறாமல் வரும் என்பதால் 1990களிலிருந்து மலை முழுக்கப் பரவியது. முதலில் அதை வைத்திருந்தவன் புதுமைக்காரன். இப்போது ரகம் சொல்லாமல் ஏலக்கன்று கேட்டால் பெரும்பாலும் கைக்கு வருவது ஞள்ளானிதான். மலபாரோ மைசூரோ வேண்டும் என்பவர்தான் பெயர் சொல்லித் தேட வேண்டியிருக்கிறது.