திண்ணை, டிவி, மறுபடியும் திண்ணை

திண்டிவனத்தில் மரக்காணம் பஸ் ஏறினால், கடைசிச் சில கிலோமீட்டரில் காற்றின் வாடையே மாறிவிடும். கொஞ்ச நேரத்தில் உப்பளங்கள் கண்ணில் படும். அந்த மரக்காணம் ஒன்றியத்தில் முதலியார்குப்பம் என்று ஒரு ஊர் இருக்கிறது. (ஈ.சி.ஆரில் படகு சவாரி விடுகிறார்களே, அந்த முதலியார்குப்பம் இல்லை. அது செங்கல்பட்டு மாவட்டம். நிறைய பேர் குழப்பிக்கொள்கிறார்கள்.) 2021 அக்டோபர் 27-ம் தேதி முதலமைச்சர் ஸ்டாலின் இங்கே வந்துதான் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தைத் தொடங்கி வைத்தார்.

பத்தாம் வகுப்பு ரிசல்ட் பட்டியலில் பல வருடங்கள் எங்கள் விழுப்புரம் மாவட்டத்தைக் கீழே இருந்து தேடினால்தான் சீக்கிரம் கிடைக்கும். அப்படிப்பட்ட மாவட்டத்தில் ஒரு கல்வித் திட்டம் ஆரம்பித்தது என்றால் அதில் ஒரு கதை இருக்கிறது. அதைச் சொல்ல 2020-க்குப் போக வேண்டும்.

2020 மார்ச்சில் பள்ளிகளை மூடினார்கள். ஏதோ லீவு என்றுதான் எல்லோரும் நினைத்தோம். 9, 10, 11, 12-ம் வகுப்புகளுக்கு 2021 செப்டம்பர் 1-ம் தேதியும், ஒன்று முதல் எட்டு வரை 2021 நவம்பர் 1-ம் தேதியும்தான் நிலையாகத் திறந்தது. பெரிய வகுப்புகளுக்கு நடுவில் 2021 ஜனவரி, பிப்ரவரியில் திறந்து மார்ச்சில் மறுபடி மூடினார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை. ஒன்றாம் வகுப்பில் 'அ, ஆ' பாதியில் விட்ட குழந்தை திரும்பி வரும்போது மூன்றாம் வகுப்பு!

அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. கையில் ஏற்கெனவே ஒரு டிவி சேனல் இருந்தது. 2019 ஆகஸ்ட் 26-ம் தேதி அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி தொடங்கி வைத்த கல்வித் தொலைக்காட்சி. கொரோனா வரும் என்று யாருக்கும் தெரியாத நேரத்தில் ஆரம்பித்த சேனல், ஒரு வருடத்துக்குள் ஒரு மாநிலத்தின் வகுப்பறை ஆகிப்போனது. 2020 ஜூலையில் வகுப்பு வாரியாக அட்டவணை போட்டுப் பாடம் ஒளிபரப்ப ஆரம்பித்தார்கள். இதுபோக 2018-ல் வந்த புதிய பாடப்புத்தகங்களில் கியூ.ஆர். கோடு இருந்தது. போனைக் காட்டினால் வீடியோ வரும். பிளஸ் டூ அண்ணன் அக்காக்களிடம் அரசு லேப்டாப் இருந்தது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நடந்தது வேறு. நான் பத்தாம் வகுப்பு படித்தது முழுக்க அந்த 2020-21-ல்தான். எங்கள் வீட்டில் ஒரே போன், அதுவும் அப்பாவுடையது. அவர் வேலை முடிந்து வந்தபிறகு வாட்ஸ்அப்பைத் திறந்தால், காலையிலிருந்து வந்த நாற்பது போட்டோ வரிசையாக இறங்கும். போர்டில் எழுதிய கணக்கு. எந்த வரியிலிருந்து எந்த வரி வந்தது என்று கேட்க ஆள் கிடையாது. 2021 பிப்ரவரி 25-ம் தேதி ஆல் பாஸ் என்று அறிவித்தார்கள். துள்ளிக் குதித்தேன், பொய் சொல்லக்கூடாது :-) பதினொன்றாம் வகுப்பில் அக்கவுண்டன்சி புத்தகத்தைத் திறந்தபோதுதான் சதவீதக் கணக்கே தடுமாறுகிறது என்று தெரிந்தது.

என்னைப் போன்ற பெரிய பிள்ளைகள் எப்படியோ சமாளித்தோம். ஏழு வயசுக் குழந்தை டிவியைப் பார்த்து எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொள்ளுமா? உப்பளத்துக்கோ மீன் பிடிக்கவோ கரும்பு வெட்டவோ விடியற்காலையில் கிளம்பிவிடும் வீடுகளில், பக்கத்தில் உட்கார்ந்து 'இது என்ன எழுத்து?' என்று கேட்க யார் இருந்தார்கள்?

இங்கே ஒரு இருநூறு வருடம் பின்னால் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் படிப்பது என்பது நம் ஊருக்குப் புதுசே இல்லை. 1822-ல் சென்னை கவர்னர் தாமஸ் மன்றோ, மாகாணம் முழுக்க எத்தனை பள்ளிகள் இருக்கின்றன என்று கலெக்டர்களிடம் கணக்கு கேட்டார். திண்டிவனமும் விழுப்புரமும் அடங்கிய தென்னாற்காடும் அதில் உண்டு. 1826 மார்ச்சில் அவர் எழுதிய குறிப்பில் மொத்தம் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள் என்று வருகிறது. பெரும்பாலும் திண்ணைப் பள்ளிக்கூடங்கள்தான்.

எனக்குப் பிடித்தது அதில் உள்ள இன்னொரு விஷயம். சென்னை நகரத்தில் மட்டும் வீட்டிலேயே படிக்கும் பிள்ளைகள் 26,000-க்கும் மேல் என்று கணக்கு வந்திருக்கிறது. பள்ளியில் படிப்பவர்களைப் போல ஐந்து மடங்கு! மன்றோவே இதை முழுதாக நம்பவில்லை. ஆனாலும் சொந்தக்காரர்களிடமோ தனி வாத்தியாரிடமோ வீட்டில் படிப்பவர்களையும் சேர்த்தால் படிக்கும் பையன்கள் நாலில் ஒரு பங்கு இல்லை, மூன்றில் ஒரு பங்குக்குப் பக்கத்தில் வரும் என்று எழுதினார். பையன்கள் என்பதைக் கவனியுங்கள். பெண் பிள்ளைகள் பள்ளியில் அனேகமாகக் கிடையாது. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலான திண்ணைகளில் இடமே இல்லை. 'அந்தக் காலத்துல எல்லாரும் படிச்சாங்க' என்று பெருமை பேசுபவர்கள் இதைச் சொல்லாமல் விட்டுவிடுவார்கள்.

திண்ணையில் ஒரு வாத்தியார், எல்லா வயசுப் பிள்ளைகளும். சமாளித்தது எப்படி? சட்டாம்பிள்ளை! நன்றாகப் படிக்கும் பெரிய பையன் சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பான். 1789-ல் எழும்பூர் அனாதைப் பள்ளியைக் கவனிக்க வந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நம் ஊர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்து அதைத் தன் பள்ளியில் புகுத்தினார். பெரிய பிள்ளைகளையே சின்னவர்களுக்கு வாத்தியார் ஆக்கினார். 1797-ல் லண்டனில் புத்தகமும் போட்டார். இங்கிலாந்தில் அதற்குப் பெயரே 'மெட்ராஸ் முறை'.

இல்லம் தேடிக் கல்வியைப் பாருங்கள். மாலையில் ஒன்றரை மணி நேரம் போல, வீட்டுக்குப் பக்கத்திலேயே, இருபது பிள்ளைகளுக்கு ஒரு தன்னார்வலர். ஐந்தாம் வகுப்பு வரை சொல்லிக்கொடுக்க பிளஸ் டூ போதும், ஆறு முதல் எட்டு வரை டிகிரி வேண்டும். பெரும்பாலும் அதே தெருப் பெண்கள். முதலில் 12 மாவட்டங்கள், அதில் விழுப்புரமும் ஒன்று. பிறகு மாநிலம் முழுக்கப் பரவி ஏறத்தாழ 2 லட்சம் பேர் சொல்லிக்கொடுத்தார்கள்.

காமர்ஸ் புத்தி, கணக்கு போடாமல் விடாது. ஊக்கத்தொகை மாதம் 1,000 ரூபாய். 2 லட்சம் பேருக்கு மாதம் 20 கோடி. ஒதுக்கியது 200 கோடி, ஊக்கத்தொகை மட்டும் கொடுத்தாலே பத்து மாதத்தில் தீர்ந்துவிடும். திண்ணை வாத்தியாருக்கு மாதம் ஆறேழு ரூபாய்க்கு மேல் கிடைப்பதில்லை என்று மன்றோ வருத்தப்பட்டிருக்கிறார். அந்த ஆயிரம் ரூபாயைப் பார்த்தால் அவர் என்ன சொல்லியிருப்பாரோ! தேசிய கல்விக் கொள்கையின் தன்னார்வலர் யோசனையே வேறு பெயரில் வருகிறது என்றும் அப்போது விமர்சனம் வந்தது. குறைந்த கூலிக்கு ஆள் வைப்பது பற்றிய கேள்வி எனக்கும் உண்டு.

பலன் இருந்ததா? அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 குழந்தைகளைச் சோதித்தார்கள். 2021 டிசம்பரில் பின்னடைவு பயங்கரம். தமிழைவிடக் கணக்கில் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆனால் பள்ளி திறந்து ஆறு மாதத்தில் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது. அந்த மீட்சியில் நாலில் ஒரு பங்கு போல இந்த மாலை வகுப்புகளால் வந்தது என்கிறார்கள். அதே சமயம் 2022 அசர் அறிக்கையில், இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க முடிந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் தமிழ்நாட்டில் 4.8 சதவீதம்தான். 2018-ல் 10.2. அந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள்தான் ஒன்றாம் வகுப்பைப் பள்ளிக்கூடம் பார்க்காமலே கடந்தவர்கள்.

முதலில் ஆறு மாதம் என்றுதான் திட்டம். நீட்டித்தார்கள், பிறகு மையங்களைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். எங்கள் தெருவில் ஒரு அக்கா தன் வீட்டு வாசலில் மையம் நடத்தினார். சார்ட்டில் வரைந்த உயிரெழுத்துக்கள் இன்னும் அந்தச் சுவரில் ஒட்டியிருக்கின்றன. சாயந்திரம் இப்போதும் அங்கே பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கிறார்கள், ஆனால் முன்பைப் போல இருபது பேர் இல்லை, எட்டு பேர்தான். இப்போது அது டியூஷன், மாதம் 300 ரூபாய்.